அபேஸ் சொல்லும் வாய்

அபேஸ் என்றால் திருட்டு என்றுதான் பட்டணத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பர்ஸை அபேஸ் பண்ணிட்டான், செருப்பை அபேஸ் பண்ணிட்டான் என்று தினம் ஒருவன் புலம்பிக்கொண்டுதானே இருக்கிறான். அதை மட்டும் ராயபுரத்தில் சாரங்கு லியாகத் அலியின் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. மனுஷருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ! "எவன்டா திருடன்? கப்பல் வார்த்தைடா அது! நங்கூரம் தூக்கற வார்த்தை! அது இல்லாட்டி ஒங்கப்பன் வூட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எகிறுவார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உலகச் சண்டைக்கு முந்தின காலத்தில் கப்பலில் கயிறு இழுக்கும் கலாசியாக ரங்கூன், பினாங்கு என்று அலைந்தபோது அவர் காதில் விழுந்த சொல் அது. கிழட்டுக் கலாசிகள் 'ஹபேஸ்' என்று தொண்டையிலிருந்து சொல்வார்கள். பாயை ஏற்று என்றாலும் அதுதான், நங்கூரத்தைத் தூக்கு என்றாலும் அதுதான். இறக்கு என்றால் ஆரியா. இந்த இரண்டையும் விட்டால் பாஷை தெரியாத பத்து ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு கப்பலை ஓட்ட முடியாது.

அந்தச் சொல் கப்பலோடு நின்றதா? நிற்கவில்லை. ஆட்களோடு சேர்ந்து கரையிறங்கி, ஊரெல்லாம் சுற்றித் திரிந்தது. துறைமுகத்தில் மூட்டை மேலே போக அபேஸ். ரயில் யார்டில் தடம் புரண்ட வேகனுக்கு ஜாக்கி வைத்துக் கிளப்பவும் அபேஸ். தர்காவில் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது பாத்திஹா ஓதி முடித்த கையோடு கூட்டத்தில் எவனாவது அபேஸ் என்று கத்துவான், ஓதிய அஸரத்து முறைப்பார். குஸ்திக்காரன் எதிராளியை இடுப்பில் பிடித்துத் தூக்கினால் அபேஸ். மதுவிலக்கு வந்த பிறகும் சந்துக்குள் கிளாஸைத் தூக்குகிறவனுக்கு அபேஸ். தீப்பெட்டி ஆலைப் பெண்கள் சாயங்காலம் சங்கு ஊதியதும் குனிந்த முதுகை நிமிர்த்தி, "அபேஸ்டி, எழுந்திரு" என்பார்கள். அவர்களுக்கு அதன் அர்த்தம் வீட்டுக்குப் போவது.

லியாகத் அலியின் தங்கை மலிகாவுக்கோ அது விடியற்காலை. அவள் புருஷன் தமீம், அவள் அண்ணனுடைய ஜமாவிலேயே கலாசி. வாய் ஓயாத பயல். கண் விழித்ததும் பாயில் படுத்தபடியே, "அபேஸ் ராணி, அபேஸ்! டீத்தண்ணி!" என்று குரல் கொடுப்பான். அவள் முதலில் கையில் கிடைத்ததை அவன்மேல் வீசுவாள், அப்புறம்தான் டீ. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தை தங்கவில்லை என்ற குறை அந்த வீட்டில் உண்டு. சிரிப்புக்குக் குறையில்லை.

ஜமா என்றால் கனம் தூக்குகிற கூட்டம். துறைமுக வேலை இல்லாத நாளில் ஆலைகளுக்கு இயந்திரம் ஏற்றி இறக்கப் போவார்கள். அதில் ஒரு சட்டம் இருந்தது. வேலை நடக்கிற இடத்தில் ஒரே வாய்தான். பாரத்தின் கயிற்றை இழுக்கிற வின்ச்சைச் சுற்றுகிறவனுக்குப் பாரம் எங்கே நிற்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவன் கண்ணை நம்பக் கூடாது, காதை நம்ப வேண்டும். அந்தக் காதில் ஜமாவின் தலைவரான சாரங்கு ஒருவர் குரல் மட்டும்தான் ஏற வேண்டும். துரையே வந்து தூக்கு என்று கத்தினாலும் கைப்பிடி அசையாது. வின்ச்சின் தலைமாட்டில் நிற்கிற கோதண்டம் இந்த விஷயத்தில் படு கண்டிப்பு. ஒரு தடவை வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் பக்கத்தில் நின்று அபேஸ் அபேஸ் என்று தொண்டை கிழியக் கத்தியும், அவன் தன் பாட்டுக்கு மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றான்.

ஒரு வருஷம் திருவொற்றியூரில் கடற்கரை ஓரமாக ஒரு புது ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் நீளத்துக்குப் பாய்லர் ஒன்று கப்பலில் வந்திருந்தது. அதைச் செங்கல் பீடத்தில் உட்கார வைப்பது லியாகத் அலி ஜமாவின் வேலை. காலையிலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்த்தி, மூன்று கால் மரத்தில் கப்பி மாட்டி, பீடத்துக்கு மேலே தொங்கவிட்டாகிவிட்டது. இனி ஆரியா சொல்லி இறக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அடியில் வைத்திருந்த சிலீப்பர் கட்டை ஒன்று கோணலாக நிற்பது தமீமின் கண்ணில் பட்டது.

பாரத்துக்கு அடியில் ஆள் போகக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் போவார்கள். "ஒரு நிமிட்டு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே அவன் குனிந்து நுழைந்தான். டேய் என்று லியாகத் அலி வாய் திறப்பதற்குள் பாதி உடம்பு உள்ளே. ஒரு பக்கத்துக் கயிறு வழுக்கியது. பாய்லர் விழக்கூட இல்லை, களைத்த மனுஷன் உட்காருகிற மாதிரி மெல்ல உட்கார்ந்தது. தமீம் இடுப்புக்குக் கீழே அதற்கடியில் இருந்தான்.

சத்தம் கேட்டு என்ஜினியர் ரகுபதி ஓடி வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். குனிந்து பார்த்தார். "ரத்தமே இல்லையே, தெய்வாதீனம்! உடனே தூக்குங்க. நான் கார்ல போய் டாக்டரை அழைச்சிண்டு வரேன். நான் வர்றதுக்குள்ளே வெளியே எடுத்து வையுங்க!"

"கயிறு மாத்தணும் சார். இல்லாங்காட்டி உருண்டுரும்" என்றார் லியாகத் அலி.

"மாத்துங்க, சீக்கிரம்!" என்று அவர் காரைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்.

ரத்தம் இல்லை என்பதைப் பார்த்து அவருக்கு நிம்மதி. லியாகத் அலிக்கு அதைப் பார்த்துத்தான் பயம். ரங்கூனில் மரக்கட்டைக்கு அடியில் சிக்கிய ஒரு சிட்டகாங் கலாசியை அவர் பார்த்திருக்கிறார். அவனுக்கும் ரத்தம் இல்லை. பேசினான், பீடி கேட்டு வாங்கிக் குடித்தான், அவசரப்படாதீர்கள் என்று சிரித்துக்கூடச் சொன்னான். எல்லாருமாகச் சேர்ந்து மரத்தைக் கிளப்பியதும் முகம் சுண்ணாம்பாகி, நாலு மூச்சு இழுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். பாரம்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது, பாரம் எழுந்தால் அதுவும் எழுந்து போகும் என்று அங்கிருந்த கிழட்டு சாரங்கு ஒருவர் சொன்னார். அப்புறம் சண்டைக் காலத்தில் இங்கே துறைமுகத்திலேயே இரும்புத் தகட்டுக்கு அடியில் இன்னொருவன். அவனும் அதே மாதிரிதான் போனான்.

கயிற்றை மாற்றிக் கட்டியாகிவிட்டது. ஆட்கள் வின்ச்சின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். கோதண்டம், "பாய், சொல்லு" என்றான்.

லியாகத் அலி சொல்லவில்லை. போய்த் தமீமின் தலைமாட்டில் மண்ணில் உட்கார்ந்தார்.

"வலிக்குதாடா?"

"இல்ல மச்சான். அதான் பயமா கீது. இடுப்புக்குக் கீய வேற எவனோ ஆளு மாதிரி கீது." தமீம் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "ரங்கூன்காரன் கேசா?"

"உளறாதே. கம்னு இரு."

"நீதான மச்சான் சொல்லுவ? சோறு துன்ன உக்காந்தா போதும், அந்தக் கதைய எடுத்து வச்சிகினு பேஜாரு பண்ணுவியே." அவன் சிரிக்கப் பார்த்தான். அது பாதியில் நின்றது. "மலிகாவ இட்டுகினு வா. அவளப் பாத்துக்கறேன். அப்பால தூக்கு."

லியாகத் அலி தலையைத் திருப்பினார். லாரி ஓட்டுகிற இக்னேஷியஸைக் கூப்பிட்டார். "ராயபுரம் போ. என் தங்கச்சிய இட்டுகினு வா. கால்ல அடி பட்டுகினான்னு மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் சொல்லாத" என்று அனுப்பினார்.

"மச்சான், அவகிட்ட இதச் சொல்லாத" என்றான் தமீம். "தூக்கினா நல்லாயிடும்னு நெனச்சிகினே வரட்டும். அவ அயுவுற மூஞ்சியப் பாத்துகினு என்னால போவ முடியாது. எப்பவும் சொல்லாத. எம்மேல ஆணையா சொல்லு."

"டேய், வேணாண்டா..."

"சொல்லு மச்சான்."

லியாகத் அலி அவன் தலையில் கை வைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு காத்திருந்தார்களே, அதை என்னவென்று சொல்வது! வெயில் மண்டையைப் பிளந்தது. கைப்பிடியைப் பிடித்த எவனும் கையை எடுக்கவில்லை. கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் ரங்கூன் கதை தெரியும். வேறு கான்ட்ராக்ட் ஆட்கள், கொத்து வேலைக்காரர்கள், சித்தாள்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாதே. "இன்னாய்யா வேடிக்கை பாத்துகினு கீறீங்க? ஆளு சாவறான்! நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று ஆளுக்கு ஆள் ஏசினார்கள். ஒரு சித்தாள் மண்ணை வாரித் தூற்றினாள். லியாகத் அலி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மற்ற நாளாக இருந்தால் அவர் வாயில் மாட்டியவன் பிழைத்திருக்க முடியாது.

உள்ளே என்னமோ அரித்தது. இரண்டு பேரைப் பார்த்தது உண்மை. ஆனால் அந்த இரண்டு பேரை வைத்து மூன்றாவது ஆளின் உயிருக்குக் கணக்குச் சொல்ல நான் யார்? அவர்கள் வேறு காரணத்தால் செத்திருந்தால்? இப்போதே தூக்கினால் இவன் பிழைப்பானோ? தூக்கிப் பிழைக்காவிட்டால் மலிகா புருஷன் முகத்தை உயிரோடு பார்க்காமல் போவாளே! யா அல்லா, எனக்கு ஏன் இந்தச் சோதனை? வாய் வரைக்கும் வந்த சொல்லை அவர் எத்தனை தடவை விழுங்கினாரோ. தமீமின் உதடு காயக் காய, துணியைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிக்கொண்டிருந்தார். அவன் பழைய கதைகளைப் பேசினான். முதன்முதலில் வின்ச்சைப் பிடித்த அன்றைக்குப் பயத்தில் அபேஸுக்குப் பதிலாக அம்மா என்று கத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றார்.

லாரி வந்து நிற்பதற்குள் மலிகா குதித்துவிட்டாள். அரிசி களைந்த கையோடு அப்படியே வந்திருந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. பாய்லரைப் பார்த்தாள், தமீமைப் பார்த்தாள், தலைமாட்டில் விழுந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"இன்னாடி இவ்ளோ நேரம்? சோறு ஆக்கிட்டியா?" என்றான் அவன்.

"பாவி மனுசா, கால்ல அடின்னுதான சொன்னான்! வலிக்குதா? இரு, இரு, தோ தூக்கிடுவாங்க."

"தூக்குவாங்க. நீ கொஞ்சம் இங்கியே இரு. ஒம் மூஞ்சியக் காட்டு. புது வளையலா?"

"அய்யே, பேசற நேரத்தப் பாரு!" அவள் அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தாள். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். கயிறு கட்டித் தயாராக இருந்தது, ஆட்கள் கைப்பிடியில் நின்றார்கள், ஒருவனும் அசையவில்லை. கூட்டத்திலிருந்து ஒருத்தி, "உன் அண்ணந்தாம்மா தூக்க வுடமாட்டேன்றான், எவ்ளோ நேரமா நாங்களும் கத்திகினு கீறோம்" என்றாள்.

மலிகா அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே? இன்னா பாத்துகினு நிக்கிற?"

"நீ அவங்கூட கொஞ்சம் பேசிகினு இரும்மா."

"பேசறதா? வூட்ல போயி வருசம் பூரா பேசிக்கறேன்! தூக்குண்ணே!"

"மலிகா, கொஞ்சம் பொறு..."

"இன்னாத்தப் பொறுக்கறது? இரும்பு நசுக்கிகினு கீது, பொறுன்ற! தூக்கு!" அவர் வாயைத் திறக்கவில்லை என்று கண்டதும் அவள் எழுந்து வின்ச்சுப் பக்கம் திரும்பினாள். தினமும் காலையில் கேட்கிற சொல்தானே, அவளுக்குத் தெரியாதா? "அபேஸ்!" என்று அலறினாள். "அபேஸ்! கோதண்டண்ணே, ஒன் கால்ல வுய்றேன், அபேஸ்! அபேஸ்!"

ஒரு கையும் அசையவில்லை. கோதண்டத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவன் லியாகத் அலியைப் பார்த்தான். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். தமீமும் பார்த்தான். போதும் மச்சான் என்பதுபோல் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தான்.

லியாகத் அலி எழுந்து நின்றார். எத்தனை கப்பலில், எத்தனை ஆலையில் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்! கடற்காற்றையும் மீறிக் கேட்கும் என்று அந்தக் குரலுக்குப் பேர். "அபேஸ்" என்றார். பக்கத்தில் நின்றவனுக்கே சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் கோதண்டத்துக்குக் கேட்டது. வின்ச் சுற்றியது.

பாய்லர் எழுந்தது. நாலு பேர் தமீமை வெளியே இழுத்துக் கிடத்தினார்கள். கூட்டம் ஹோவென்று கூவியது. மலிகா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அல்லாவே, அல்லாவே, பாத்தியா, எடுத்துட்டாங்க பாரு" என்று அவன் நெற்றியை, கன்னத்தை, தலைமயிரைத் தடவித் தடவிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் லியாகத் அலியால் பார்க்க முடியவில்லை. தமீம் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். ஒரு வாய் குடித்தான், அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மூச்சு ஒன்று நீளமாக இழுத்தது, அதற்கப்புறம் இல்லை. லியாகத் அலி வாய்க்குள் கலிமா சொன்னார். மலிகா மயக்கம் என்றே நினைத்துக்கொண்டு முக்காட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

என்ஜினியரின் கார் அப்போதுதான் வந்தது. டாக்டர் இறங்கி நாடி பார்த்தார், கண் இமையை விரித்துப் பார்த்தார். "எவ்வளவு நேரம் அடியில கிடந்தார்?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ ஒருவன் சொன்னான். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு நேரமா? ஏன் விட்டு வெச்சீங்க? முன்னாடியே எடுத்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாமே!"

ரகுபதி லியாகத் அலியைப் பார்த்தார். "நான் சொல்லிட்டுத்தானே போனேன்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

மலிகாவின் விசிறுகிற கை நின்றது. அவள் மெல்லத் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். அழவில்லை. "நீதான்" என்றாள். "நான் கத்துனேன். ஊரே கத்துச்சு. நீ வாயத் தொறக்கல. நீதான் கொன்ன."

மறுநாள் மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் மையித்தை எடுப்பதாக ஏற்பாடு. ராயபுரத்துச் சந்து கொள்ளாத கூட்டம். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. சந்தூக்கின் தலைமாட்டுக் காலைத் தூக்கும் உரிமை மச்சினனுடையது என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். லியாகத் அலி குனிந்து கை வைக்கப் போனார்.

"அந்த ஆளு தொடக்கூடாது!" வாசல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மலிகாவின் குரல் வந்தது. "அப்ப தூக்காதவன் இப்பவும் தூக்க வேணாம். எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல, மௌத்தாயிட்டான். எடுத்துகினு போங்க."

கூட்டம் அப்படியே நின்றது. லியாகத் அலி கையை இழுத்துக்கொண்டார். கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. வாசலை நோக்கி நடந்தான். "நான் சொல்றேன் பாய். அந்தப் பொண்ணுக்கு விசியம் தெரியட்டும். அவ வந்து பாக்கணும்னுதானே நீ..."

லியாகத் அலி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பிடி.

"இன்னான்னு சொல்லுவ?" என்றார் தணிந்த குரலில். "தூக்கினதாலதான் பூட்டான்னு சொல்லுவியா? தூக்கு தூக்குன்னு நெஞ்சு வெடிக்கக் கத்துனது யாரு? அவதான கோதண்டம்? அத அவ தலையில ஏத்துவியா? எம்மேலயே இருக்கட்டும், வுடு."

"டாக்டரு சொன்னது நெசமில்ல பாய். அவருக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு மட்டும் இன்னாடா தெரியும்?" என்றார் லியாகத் அலி. "நெசமாவும் இருக்கலாம்."

லியாகத் அலி அவன் மணிக்கட்டை விட்டார். வேறு யாரோ தலைமாட்டுக் காலைப் பிடித்தார்கள். சந்தூக் எழுந்து சந்தைத் தாண்டித் தெருவுக்குப் போனது. கலிமா சொல்லிக்கொண்டு ஜனம் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தது. சைக்கிளில் வந்த யாரோ ஒருவர், செத்தது யாரென்றுகூடத் தெரியாது, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்து நன்மைக்காக நாலடி சுமந்துவிட்டுப் போனார். லியாகத் அலி கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில், கபரஸ்தான் வரைக்கும் நடந்து போனார்.